அத்தையின் கணக்கும் ஒரு பழைய டிஸ்க் டிரைவும்



இன்று சர்க்கரை பற்றியோ ரத்த அழுத்தம் பற்றியோ எழுதவில்லை. நாற்பது வருடப் பழைய ஒரு கம்ப்யூட்டருக்கு நான் செய்து கொடுத்த டிஸ்க் டிரைவ் பற்றி எழுதுகிறேன்.

"எம்.பி.பி.எஸ். படிச்சுட்டு சால்டரிங் அயர்ன் எதுக்கு டாக்டர்?" என்று வார்டு சிஸ்டர் கேட்டது மாதிரி நீங்களும் கேட்கலாம். கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி வரை வாங்க, பதில் அங்கே இருக்கிறது.

என் தாய்மாமா தூத்துக்குடிக்காரர். கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்தவர். 1986-ல் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கியபோது ஒரு கமடோர் 64 கம்ப்யூட்டரும், அதோடு சேரும் 1541 டிஸ்க் டிரைவும் வாங்கி வந்தார்.

தெருவே வந்து பார்த்ததாம். கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர். டி.வி.யில் மாட்டினால் நீலத் திரை வரும். "ரெடி" என்று எழுதிக்காட்டி, கீழே ஒரு சதுரம் மின்னிக்கொண்டு நிற்கும்.

மாமா அதில் பேசிக் மொழியில் ஒரு வீட்டுக் கணக்கு புரோகிராம் எழுதினார். தேதி, பொருள், விலை. அவ்வளவுதான்.

மாமா கப்பல் ஏறினால் திரும்ப எட்டு, ஒன்பது மாசம் ஆகும். அந்தக் கணக்கை எழுதியது அத்தை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். அந்த மெஷினில் தமிழ் கிடையாது. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார். பால். மண்ணெண்ணெய். கருவாடு. சைக்கிள் பஞ்சர். மக்ரூன் கால் கிலோ.

மாமா லீவில் வந்ததும் முதல் வேலை, அந்தக் கணக்கை மாசம் மாசமாகப் படிப்பதுதான். கடிதத்தில் எழுதாததெல்லாம் கணக்கில் தெரியும் என்பார். எந்த வாரம் டாக்டர் பீஸ் வந்திருக்கிறதோ அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். எந்த நாள் மக்ரூனோ அன்றைக்கு யாரோ விருந்தாளி.

அத்தை இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மாமாவுக்கு இப்போது வயது 72. பேச்சு குறைந்துவிட்டது. போன வருடம் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டி கிடைத்தது. கம்ப்யூட்டர், டிரைவ், பிஸ்கட் டின்னுக்குள் மூன்று டிஸ்க். உறையில் அத்தையின் கையெழுத்தில் 1987, 1988, 1989.

"அவ கணக்கு இதுலதாம்ல இருக்கு," என்றார் மாமா. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில் நான் சரியாகச் செய்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகுதான் தப்பு செய்தேன்.

பரணில் இதே மாதிரி மெஷின் வைத்திருந்தால் பழைய பவர் சப்ளையை அப்படியே சொருகாதீர்கள். உள்ளே ரெசின் ஊற்றி மூடிய கட்டை அது. வயசானால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறிவிடலாம். ஏறினால் மெமரி சிப் போய்விடும். இது இந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்த விஷயம். கமடோர் 64-க்கு 5 வோல்ட் டி.சி.யும் 9 வோல்ட் ஏ.சி.யும் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பொருள் வாங்கி புதிதாக ஒன்று செய்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மாட்டினேன்.

நீலத் திரை வந்தது. ரெடி.

சந்தோஷத்தில் புத்தி போய்விட்டது. கையில் கிடைத்த 1988 டிஸ்க்கை எடுத்து டிரைவில் போட்டு, என்னென்ன பைல் இருக்கிறது என்று கேட்டேன்.

கிர்ர்ர் என்று ஒரு சத்தம். டிரைவின் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. எரர்.

வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்க் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. கடற்கரை ஊர், முப்பத்தைந்து வருட ஈரக்காற்று. நடுவில் முழு வட்டமாக ஒரு கீறல். பூஞ்சையை டிரைவின் ஹெட் தேய்த்து, காந்தப் பூச்சையே உரித்துவிட்டது.

நோயாளியைத் தொடும் முன் பரிசோதனை பண்ணு என்று ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லும் நான், டிஸ்க்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பழி போட வேறு யாரும் இல்லை. என் அவசரம்தான்.

அன்று இரவு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, அந்த டிரைவ் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் இருந்து படித்தேன். படித்தது உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன்.

1541 டிஸ்க்கில் 35 வட்டப் பாதைகள். ஒவ்வொன்றும் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். வெளி வட்டம் பெரியது, அதில் 21 துண்டு. உள் வட்டம் சின்னது, 17 துண்டு. மொத்தம் 683. ஒரு துண்டு 256 பைட்.

எந்த பைல் எங்கே ஆரம்பிக்கிறது என்ற அட்டவணை 18-வது வட்டத்தில், அதாவது நட்ட நடுவில் இருக்கும். டிரைவ் முதலில் அங்கேதான் போகும். ஹெட் கீறியதும் அங்கேதான்.

ஆக நான் அழித்தது அட்டவணையை. கணக்கை இல்லை!

இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. ஒரு பைல் வரிசையாக ஒரே இடத்தில் இருக்காது. ஒவ்வொரு துண்டின் முதல் இரண்டு பைட்டும் "அடுத்தது இந்த வட்டத்தில், இந்தத் துண்டு" என்று கை காட்டும். மீதி 254 பைட்டில் விஷயம். கடைசித் துண்டில் முதல் பைட் பூஜ்யமாக இருக்கும். சங்கிலி மாதிரி.

அட்டவணை போனாலும் சங்கிலி அறுபடவில்லை. எந்தத் துண்டை வேறு எந்தத் துண்டும் கை காட்டவில்லையோ, அதுதான் ஒரு பைலின் தலை. தலையைப் பிடித்தால் வால் வரை போய்விடலாம்.

அடுத்த ஒரு மாசம் டியூட்டி இல்லாத இரவெல்லாம் இதற்கே போனது. டிஸ்க்குகளை உறையிலிருந்து எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தேன் (இந்த ஒரு வேலையில் மட்டும் எனக்கு அனுபவம் உண்டு). புது உறைக்குள் போட்டேன். டிரைவின் ஹெட்டையும் துடைத்து, அது நகரும் தண்டில் காய்ந்துபோன கிரீஸை எடுத்து, புதிதாக எண்ணெய் விட்டேன். 1541-ஐ லேப்டாப்போடு இணைக்கும் யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்று கிடைக்கிறது. அதன் வழியாகத் துண்டு துண்டாகப் படித்தேன். படிக்காத துண்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

1987-ம் 1989-ம் முழுதாக வந்தன. 1988-ல் 18-வது வட்டம் தவிர மற்றதெல்லாம் வந்தது.

சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டே போனேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்...

பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு கணக்கு இருக்க வேண்டும். எனக்குப் பதின்மூன்று கிடைத்தது.

ஜூலை மட்டும் இரண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கணக்கு. ஒன்றில் மட்டும் இரண்டு வரி அதிகம்.

வரவு: வளையல் அடகு.
செலவு: நாத்தனார் ஆஸ்பத்திரி.

அத்தையின் நாத்தனார் என் அம்மா. 1988 ஜூலை நான் பிறந்த மாசம்.

அம்மாவுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார். "உனக்கு ஆபரேஷன் ஆச்சு. கையில காசு இல்ல. அப்ப உங்க அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மைனிதான் வந்து பணம் கட்டுனா. அண்ணனுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

அந்த வருடக் கடைசியில் மாமா ஊருக்கு வருவதற்கு முன்னால், அத்தை ஜூலை கணக்கைத் திறந்து இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, அதே பெயரில் மாற்றி எழுதியிருக்கிறார். 1541-ல் அப்படி மாற்றி எழுதினால் அது முதலில் புதியதை வேறு காலி இடத்தில் எழுதும். பிறகு பழையதை அட்டவணையிலிருந்து எடுத்துவிடும். பழைய துண்டுகள் டிஸ்க்கிலேயே கிடக்கும், அதன் மேல் வேறு எதையாவது எழுதும் வரை. அத்தை அதன்பிறகு 1989 டிஸ்க்குக்குப் போய்விட்டார். அதனால் அந்த இரண்டு வரி முப்பத்தைந்து வருஷம் பிழைத்துக் கிடந்தது. அட்டவணை நன்றாக இருந்திருந்தால் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

இப்போது என்ன செய்வது?

நோயாளி நம்பிச் சொன்னதை அவர் இறந்த பிறகும் வெளியே சொல்லக்கூடாது. ஜெனீவா பிரகடனத்தில் நாங்கள் எடுக்கும் உறுதிமொழி அது. அத்தை என் நோயாளி இல்லை. ஆனால் அவர் அழித்ததைத் தோண்டி எடுத்தவன் நான். மறைக்க வேண்டும் என்று நினைத்து அழித்தவர் அவர்.

சின்ன ஜூலையை மட்டும் வைத்தேன். பெரிய ஜூலையைத் தனியாக எடுத்து மூடி வைத்தேன்.

கணக்கு முழுதையும் பிரிண்ட் மாதிரி போனில் போட்டு மாமாவிடம் காட்டினேன். இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். "ம்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்ன மாமா, அத்தை கணக்குதானே?"

"இது அவ கணக்கு மாதிரி இல்லையேல."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம் யோசித்தபோது புரிந்தது. அவர் படித்தது எழுத்தை மட்டும் இல்லை. நீலத் திரை, அந்தக் கீபோர்டு, டிரைவின் கடகட சத்தம், காத்திருப்பது, எல்லாம் சேர்ந்துதான் அவருக்கு அத்தையின் கணக்கு.

பழைய டிரைவையே திரும்பத் திரும்ப ஓட்ட எனக்குப் பயம். ஏற்கெனவே ஒரு முறை சுட்டுக்கொண்ட கை. அதனால் டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிடம் "நான்தான் 1541" என்று நடிக்கும் ஒரு டிரைவ் செய்ய முடிவு செய்தேன்.

அதில் இரண்டு வகை உண்டு. எளிமையான வகை எஸ்.டி.2ஐ.இ.சி. ஒரு சின்ன சிப், ஒரு கார்டு. கம்ப்யூட்டர் பைல் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கேள்வியும் பதிலும் ஓ.பி. டோக்கன் மாதிரிதான். கம்ப்யூட்டர் ஒரு கம்பியை இழுத்தால் எல்லாக் கருவியும் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும். "8" என்று கூப்பிட்டால் 8-ம் எண் கருவி மட்டும் பதில் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு கம்பியில் ஒவ்வொரு பிட்டாகப் பேச்சு நடக்கும்.

அதைத்தான் முதலில் செய்தேன். மாமாவின் டிஸ்க்கைப் போட்டதும் உறைந்து நின்றது.

காரணம், 1541 வெறும் டிரைவ் இல்லை. அதற்குள்ளேயே 6502 பிராசஸர், 2 கிலோபைட் ராம், 16 கிலோபைட் ரோம் என்று ஒரு தனிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் நொடிக்குச் சுமார் 400 பைட்தான் அனுப்பும். அந்த வேகம் பொறுக்காமல் அந்தக் காலத்து ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். டிரைவின் ராமுக்குள் தங்கள் சொந்த புரோகிராமை அனுப்பிவிடுவார்கள். பிறகு கம்ப்யூட்டரும் டிரைவும், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல், மைக்ரோ வினாடிகளை எண்ணி எண்ணியே வேகமாகப் பேசிக்கொள்ளும். அதுதான் டர்போ லோடர். மாமாவின் டிஸ்க்கில் முதலில் ஓடுவது அப்படி ஒரு டர்போ. எளிய கருவிக்குள் 6502 இல்லை. வந்த புரோகிராமை அது எங்கே ஓட்டும்? அதன் மேல் தப்பில்லை.

டர்போவைத் தாண்டிக் கணக்கை நேராகத் திறந்திருக்கலாம். ஆனால் மாமாவின் விரல் பழகிய வழி அது இல்லை.

இரண்டாவது வகை பை1541. ஸ்டீவ் ஒயிட் என்பவர் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்த மென்பொருள். ராஸ்பெர்ரி பை 3 போர்டில் லினக்ஸ் எதுவும் இல்லாமல் நேரடியாக ஓடும். 1541-க்குள் இருக்கும் 6502-ஐயும், இரண்டு 6522 சிப்புகளையும் துடிப்புக்குத் துடிப்பு அப்படியே நடித்துக் காட்டும். டர்போ புரோகிராம் வந்தால் அசல் டிரைவுக்குள் வந்துவிட்டோம் என்றே நம்பிவிடும்.

வயரிங் ஐந்தே ஐந்து கம்பி. கவனம் கேட்கும் கம்பி, கிளாக், டேட்டா, ரீசெட், கிரவுண்ட். கமடோர் பேசுவது 5 வோல்ட்டில். ராஸ்பெர்ரி பை தாங்குவது 3.3 வோல்ட். நேராகக் கொடுத்தால் போர்டு போய்விடும். நடுவில் ஒரு லெவல் கன்வர்ட்டர் போட வேண்டும். 1541-ன் ரோம் நகல் ஒன்றும் வேண்டும். அதை மாமாவின் டிரைவிலிருந்தே எடுத்தேன். தையல் போட்டுப் பழகிய கைக்கு சால்டரிங் இரண்டாம் நாள் வசப்பட்டது. முதல் நாள் பற்றிக் கேட்காதீர்கள்.

ஒன்று என்னை யோசிக்க வைத்தது. ராஸ்பெர்ரி பை 3-ன் வேகம் 1200 மெகாஹெர்ட்ஸ். 1541-க்குள் இருக்கும் பிராசஸர் 1 மெகாஹெர்ட்ஸ். ஆயிரம் மடங்கு வேகமாக ஓடக்கூடியது, ஒவ்வொரு மைக்ரோ வினாடியும் நின்று, பழைய மெஷின் வரும்வரை காத்திருந்து, அதன் பக்கத்திலேயே நடக்கிறது. வேகமாகப் பதில் சொன்னால் வேலை நடக்காது. அதன் வேகத்தில் சொன்னால்தான் நடக்கும்.

ஒரு ஓ.பி.யில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும் நான், எழுபது வயதுப் பாட்டி பேச்சை முடிக்கும் முன் எத்தனை முறை மாத்திரை எழுதியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். சரி, அதை விடுங்கள்.

பை1541-ல் ஒரு சின்ன பஸ்ஸரும் மாட்டலாம். ஹெட் நகரும்போதெல்லாம் அது கடகட என்று சத்தம் போடும். தேவையே இல்லாத சத்தம். மாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு டி.வி.யில் இணைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். எப்படித் திறப்பது என்று நான் சொல்லவில்லை. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு நொடி கீபோர்டைப் பார்த்தார். லோட், மேற்கோள் குறிக்குள் ஒரு நட்சத்திரம், காற்புள்ளி, 8, காற்புள்ளி, 1. விரல் தானாகப் போனது.

கடகட. கடகட.

"சத்தம்லாம் வருதுல," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தினமும் ஒரு மாசம் என்று படித்தார். அத்தை எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. மூன்று வருஷத்தில் பேசாததைப் பத்து நாளில் பேசினார்.

ஒருநாள் சாயங்காலம் போன்.

"ஏல மருமவனே, எண்பத்தெட்டு ஜூலை ஒண்ணுதான் இருக்கா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "ஏன் மாமா?"

"உங்க அத்தை மாத்தி எழுதுனதுக்கு முந்தி ஒண்ணு இருந்திருக்குமே. உனக்குக் கிடைக்கலியா?"

மாமாவுக்குத் தெரியும். அன்றிலிருந்தே தெரியும்.

லீவில் வந்தபோது அத்தையின் கையில் வளையல் இல்லை. இறுக்குது, கழற்றி வச்சிருக்கேன் என்றாராம். இரண்டு நாள் கழித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் அடகுச் சீட்டைப் பார்த்திருக்கிறார். தேதியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சீட்டை அங்கேயே வைத்துவிட்டார். கப்பல் ஏறியதும் மார்ச் மாசம் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பணம் அனுப்பினார். எதற்கென்று எழுதவில்லை. அடுத்த லீவில் வந்தபோது வளையல் கையில் இருந்தது.

"நானும் கேக்கல. அவளும் சொல்லல. அவ நல்லதுதான செஞ்சா. நான்தான வீம்பு பிடிச்சுக்கிட்டு உங்கப்பன்கிட்ட பேசாம இருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "அதையும் அந்தக் கார்டுல போடு. அவ எழுதுனத நான் பாக்கணும்."

போட்டுக் கொடுத்தேன். அந்த இரண்டு வரி திரையில் வந்ததும் மாமா எதுவும் பேசவில்லை. என் தலையில் கை வைத்தார்.

இதை எழுதலாமா என்று மாமாவிடமும் அம்மாவிடமும் கேட்டேன். "எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத" என்றார் மாமா. அதனால்தான் பெயர் இல்லை.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். பிளாப்பி, ஆடியோ கேசட், கல்யாண வீடியோ டேப், பழைய மெமரி கார்டு. அவற்றுக்கும் வயசாகிறது, நம்மைப் போலவே.

பூஞ்சை இருந்தால் எந்த மெஷினிலும் போட்டுப் பார்க்காதீர்கள். டிஸ்க்கும் போகும், ஹெட்டும் போகும். முதலில் வெளிச்சத்தில் பாருங்கள், சுத்தம் செய்யுங்கள், பிறகு படியுங்கள். நகல் எடுத்த பிறகும் அசலைத் தூக்கிப் போடாதீர்கள். நகலை இரண்டு இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் மீட்டெடுப்பதில் நீங்கள் பார்க்கக்கூடாத ஒன்றும் இருக்கலாம். அதை யாரிடம் சொல்வது என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். ஒருவேளை அவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

போன வாரம் மாமா வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே கடகட சத்தம் கேட்டது. 1989, மார்ச் படித்துக்கொண்டிருந்தார்.



பொது மருத்துவர்,
அரசு மருத்துவமனை.